மூடி வைத்த பேனா

பாப்பாயி பேச எழுந்ததும் தாமரைச்செல்வி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

தாமரைச்செல்வி தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அங்கே தங்கள் நோக்கங்களையும் நெறிகளையும் புதிதாக எழுதுகிறார்களாம். கொல்லிமலைப் பாட்டையும் ஆட்டத்தையும் அங்கே பாடமாக வைத்திருப்பதால், மலைக்காரர்கள் சொல்வதையும் கேட்டுச் சேர்க்கப் போகிறார்களாம்.

காலையிலிருந்து ஒவ்வொருவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். மலைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கச் சொன்னார்கள், எழுதினாள். ஆட வருகிறவர்களுக்கும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் சாப்பாடு வேண்டும் என்றார் சின்னக்கண்ணு, அதையும் எழுதினாள்.

பாப்பாயி முறை வந்ததும்தான் மூடினாள்.

"எழுதிக்குங்க அம்மிணி. கேக்காம எங்க அழுகையை எடுக்கக் கூடாது."

தாமரைச்செல்வி குனிந்தபடியே தலையை மட்டும் ஆட்டினாள்.

விஷயம் ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் பாப்பாயியின் மகள் அம்சவேணி காய்ச்சலில் போய்விட்டாள். அன்று மகள் பேரைச் சொல்லி அழுத ஒப்பாரியை, ஆராய்ச்சிக்கு வந்திருந்த மாணவர் கூட்டத்தில் யாரோ போனில் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் பல்கலைக்கழக ஆண்டு விழாவில் மேளத்தோடு அது ஒலித்தது.

உன் பாட்டு மேடை ஏறிருச்சு என்று சிரித்துக்கொண்டே போனைக் கொண்டுவந்து காட்டியவன் பக்கத்து வீட்டு ராசு. கடைசியில் கைதட்டலும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்கே உறைத்தது. துக்கம் முடிந்தபின் அந்த அழுகையை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள் அந்த ஊரில்.

"எழுதலீங்களே?" என்றாள் பாப்பாயி மறுபடியும்.

"மனசுல இருக்குங்கம்மா."

"மனசுல இருந்தா உங்களோட போயிருமுங்க. நோட்டுல இருந்தாத்தான் உங்களுக்கப்புறம் வர்றவங்களுக்கும் தெரியும்."

ஜீப் டிரைவர் வந்து, மலையில் மஞ்சுமூட்டம் இறங்கிவிட்டது, கீழே போக எழுபது கொண்டை ஊசி வளைவும் தாண்டியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். கூட்டத்தில் சலசலப்பு. மேடம் கோபித்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கேட்ட இடத்தையும் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தாயி பாப்பாயியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

பாப்பாயி உட்காரவில்லை.

"பாட்டுன்னு நெனச்சுக் கைதட்டுனாங்க. அது பாட்டில்லீங்க. எம்புள்ள."

தாமரைச்செல்வியின் விரல்கள் மூடிய பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தன. நிமிரவே இல்லை.

ராசுவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க அக்கா சொல்றதை எழுத மட்டும் கை நோவுதுங்களா?" என்று போய் மேசைமேல் இருந்த நோட்டை எடுத்தான்.

அவள் தடுக்கவில்லை.

அவசரமாகப் புரட்டினான். சின்னக்கண்ணு சொன்ன சாப்பாடு இருந்தது. பிள்ளைகளுக்கான இடம் இருந்தது. பாப்பாயி சொன்னது இல்லை. இன்னும் முன்னால் தள்ளினான். முதல் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"அக்கா, முதல் வரியே நீ சொன்னதுதான். 'கேட்காமல் யாருடைய அழுகையையும் எடுக்க மாட்டோம்.' போன மாசத் தேதி போட்டிருக்குது."

பாப்பாயிக்கு விளங்கவில்லை. "நான் இப்பத்தானே சொல்றேன். அதுக்கு முன்னயே உங்களுக்கு யாருங்க சொன்னது?"

தாமரைச்செல்வி எழுந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகப் பாப்பாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலைங்கம்மா. அன்னைக்கு அந்த மாணவர் கூட்டத்தோட வந்து, உங்க வாசலுக்கு வெளிய நின்னு போன்ல பிடிச்சவ நான்தான்."