ஒரு போன் பிளான்

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை வெயில் கம்பெனி பஸ்களின் கண்ணாடியில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து இறங்கிய ஜெபர்சனும், பகல் ஷிப்டுக்குக் கிளம்பிய அவன் மனைவி சில்வியாவும் போனில் குனிந்து நிற்கிறார்கள். சினிமா ஆப்பில் ஒரு போனில் ஓடும் பிளானா, இரண்டு போனில் ஓடும் பிளானா என்பதுதான் வழக்கு. அவளுடைய சாப்பாட்டுப் பை அவன் தோளில் ஆடுகிறது. தூக்கம் அவன் இமையில் தொங்குகிறது. “ரெண்டு போனுக்கே போட்டுக்கலாம் சில்வி. உனக்கு எப்ப தோதோ நீ பாரு, எனக்கு எப்ப தோதோ நான் பாக்கறேன்” என்கிறான். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பையைப் பிடுங்கிக்கொண்டு படியேறியவள் திரும்பி, “தனித்தனியா படம் பாக்கறதுக்கா கல்யாணம் கட்டிக்கினோம்? ஒண்ணு போதும். ஞாயித்துக்கெயம சர்ச்சுல பூசை முடிச்சிட்டு சேந்து பாக்கலாம்!” என்கிறாள். பஸ் நகர்கிறது. “ஒண்ணே போடுங்கண்ணா!” என்று ஜன்னல்தோறும் பெண்கள் கத்துகிறார்கள். அசடு வழிய ஒரு போன் பிளானையே அழுத்துகிறான் ஜெபர்சன். தூக்கம் போன இடம் தெரியவில்லை.