மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று மாலை

மயிலாப்பூர் சித்திரக்குளத்தை ஒட்டிய சந்தில், வேப்பிலை செருகிய ஒரு ஜன்னல்மேல் சாயங்கால வெயில் விழுகிறது. ஊரெங்கும் அம்மை, கல்லூரியில் பாதி பெஞ்சுகள் காலி. உள்ளே, திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்த அய்யாதுரை தனியாகக் கிடக்கிறான். அம்மை இறங்கி, பக்குகள் உதிர்ந்து, இன்று காலை மூன்றாம் தண்ணீரும் தலையில் ஊற்றியாயிற்று. மாரியம்மன் கருணையால் கண்கள் தப்பின. ஆனால் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிறான். படிப்பை விட்டுவிட்டு, இருட்டியதும் ரயிலேறி ஊருக்கே போய்விடுவானாம். வெளியே வகுப்புத் தோழன் இனாயத் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான்.

"இன்னா நைனா, மாப்பிள்ளைய வெளிய கூப்புட மேளம் வெக்கணுமா?"

"போயிருலே. என் மூஞ்சியப் பாத்தா பயந்துருவ."

"போன வருசமே பாத்து பயந்தவன்தானே நானு. கதவத் தொற."

லஸ் பக்கம் டிராம் மணி ஒலித்து அடங்குகிறது. வெகுநேரம் கழித்துக் கதவின் தாழ்ப்பாள் நகர்கிறது. தழும்பு விழுந்த கன்னங்களை இரு கைகளாலும் மூடிக்கொண்டு அய்யாதுரை நிற்கிறான். அம்மை கண்ட உடம்பில் கத்தியும் சீப்பும் படக்கூடாது என்பதால் தலையும் தாடியும் காடாக வளர்ந்திருக்கின்றன. பார்வையைத் திருப்பாமல் இனாயத் நிதானமாகப் பார்க்கிறான். அவன் உதடுகள் ஓசையின்றி அல்லாவுக்கு நன்றி சொல்கின்றன.

"அடப்பாவி, எங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினாரே தாடியில உங்கிட்ட தோத்துருவாரு! மொதல்ல முடி வெட்டணும். வா, பின்னால குந்து."

அய்யாதுரையின் ஒரு கை கன்னத்தை விட்டு, மெல்லத் தலைமுடிக்குப் போகிறது.