முதலில் வந்தவர்கள்

முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவள் கைவலையில் சிக்கிய இன்னொரு கெண்டையின் வயிற்றை அழுத்தினாள்.

விந்து வெள்ளையாகக் கசிந்தது. ஆண்.

நாற்பத்து மூன்றாவது ஆண்.

நான்கு நாளாக இதே கதை. முட்டையிடும் இடமான கூழாங்கல் திட்டின்மேல் ஆண்கள் ஆளுக்கோர் இடம் பிடித்து, ஓட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டிக் காத்துக்கிடந்தன. சினை மீன்கள் பின்னால்தான் வரும். ஆனால் மீன் விடும் விழாவுக்கென்று அணையில் திறந்த தண்ணீரை மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அப்புறம் திட்டேற ஆழம் இருக்காது. அதற்குள் வராவிட்டால் இந்த வருடம் ஆற்றில் குஞ்சு இல்லை.

கரையிலும் அதே நிலைமைதான்.

வெள்ளை வேட்டிகள் காலை எட்டு மணிக்கே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டன. மணி பதினொன்று. அமைச்சரைக் காணோம். பந்தல் முகப்பில் 'மீன்களின் தாயே வருக' என்று பேனர். அதில் அவர் இரண்டு ஆள் உயரம், மீசையோடு. மீன் கட்டைவிரல் அளவு.

"என்னம்மா, பொண்ணு வந்தாச்சா?" மீன்வளத் துறை இணை இயக்குநர் திருஞானம் கரையிலிருந்து கத்தினார். "வந்ததும் புடிச்சு அண்டாவுல போடு. அய்யா கையால ஆத்துல விடணும்."

"இன்னும் வரலீங்க சார்."

"அமைச்சரே வந்துருவாரு போல. உங்க பொண்ணு ரொம்பத்தான் பிகு பண்ணுது," என்றது ஒரு வேட்டி. நாற்காலிகள் சிரித்தன.

போன வருடமும் அய்யா கையால்தான் விட்டார்கள். நல்ல சினை மீன். அமைச்சரிடமிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திடமிருந்து ஒன்றியத்துக்கு என்று கைமாறி, கடைசியில் வார்டு செயலாளர் கையில் உயிரை விட்டது. படத்தில் எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள்.

சினை மீன்கள் வர வேண்டும். இப்போது வந்துவிடக் கூடாது.

எந்தச் சாமியிடம் போய் இப்படி வேண்டிக்கொள்வது?

சைரன் கேட்டது.

திட்டுக்கு ஏறுகிற ஒரே சந்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். காலில் ஏதோ உரசியது. குனியாமல் கையை மட்டும் விட்டுப் பார்த்தாள்.

கனம். மெத்தென்று பருத்த வயிறு.

அழுத்தவில்லை.

காலைச் சற்று அகட்டினாள். அது ஏறிப்போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

"வந்துருச்சா?" திருஞானத்தின் குரல் உடைந்தது. கார்க் கதவுகள் திறந்துகொண்டிருந்தன.

அவள் கைவலையில் கிடந்த நாற்பத்து மூன்றாவதை எடுத்து அண்டாவில் போட்டாள். மாப்பிள்ளைகளில் ஒருவன் குறைந்தால் கல்யாணம் நின்றுவிடாது.

"வந்துருச்சுங்க சார்."

அமைச்சர் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கேமராக்கள் நெருங்கின. வெள்ளையாக ஒரு நூல் அவர் மணிக்கட்டில் வழிந்து வேட்டியின் பட்டுக்கரையில் சொட்டியது.

"என்னய்யா இது?"

திருஞானத்துக்கு மீன்வளத்தில் முப்பது வருட சர்வீஸ். அவர் மீனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"தாய்ப்பாலுங்க அய்யா."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"மேடம், படத்துல நீங்க மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றார் போட்டோகிராபர்.

அவள் முதுகுக்குப் பின்னால், திட்டின்மேல் தண்ணீர் சளசளவென்று கலங்கத் தொடங்கியிருந்தது.

அவள் ஈரத் துப்பட்டாவை உதறி, இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டாள், வெயிலில் காயவைப்பவளைப் போல.