சொந்த வீட்டு விருந்தாளி

கணவரின் காரியம் முடிந்த மறுநாள், இறப்புச் சான்றிதழ் வாங்க வெளியே போய்த் திரும்பிய மங்கையர்க்கரசியை வாகைத்தோட்டம் கிளப்பின் கதவு உள்ளே விடவில்லை. கோவைக்கு வெளியே அந்தப் புறநகரில் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே கிளப்புக்குள்தான் இருந்தன.

"மெம்பர்ஷிப் சார் பேர்ல இருந்துச்சுங்க மேடம். இனி நீங்க விருந்தாளி. உள்ள இருக்கறவங்க யாராச்சும் கையெழுத்துப் போடோணும்" என்றார் காவலர், தலையைக் குனிந்துகொண்டு.

பன்னிரண்டு வருடம் கூட டென்னிஸ் ஆடிய பக்கத்து வீட்டு நளாயினி போனை எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது மகள் யாழிசைதான். நீச்சலில் ஜெயித்ததற்காக, பதினாறு வயதிலேயே கிளப் அவளைத் தனி உறுப்பினராக்கியிருந்தது.

யாழிசை ஓடி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, காவலர் கொடுத்த விருந்தாளிப் படிவத்தைப் படித்தாள். விருந்தாளி அழுதோ சண்டையிட்டோ கிளப்பின் சந்தோஷத்தைக் கெடுத்தால், கையெழுத்துப் போட்டவரின் உறுப்பினர் இடமும் பறிபோகும் என்றிருந்தது.

"போடு கண்ணு, வெயில் சுடுது."

"நீங்க இன்னும் அழுதுட்டுத்தானேம்மா இருக்கீங்க?"

"இல்லியே!" மங்கையர்க்கரசி அவசரமாக முகத்தைத் துடைத்துச் சிரித்துக் காட்டினாள்.

மகள் அந்தச் சிரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தைக் கையெழுத்திடாமல் காவலரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு வாங்கம்மா."