ஓகாவா சாருக்குத் தெரிந்த தமிழ்

“போடும்” என்றார் ஓகாவா.

சோலையம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஜப்பான்காரர் வாயிலிருந்து தமிழ் வரும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சுதாரித்துக்கொண்டு இன்னும் இரண்டு கரண்டி கோழிக் குழம்பை இலையில் ஊற்றினாள்.

“பாத்தீகளா தம்பி, கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்புடுறாரு. நம்ம சொந்தக்காரவுகளுக்கு இந்தக் குணம் வராது.”

குருபிரசாத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பசுமலைப் பக்கம் இருக்கும் அவனுடைய கம்பெனியிலிருந்து ஒரே ஒருவருக்கு ஜப்பானில் ஆறு மாதப் பயிற்சி. அந்த ஒருவர் யார் என்று திங்கட்கிழமை காலை சொல்லப் போகிறவர் இந்த ஓகாவாதான். அவனோடு சேர்த்து மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் அவனைவிட நன்றாக இங்கிலீஷ் பேசுவார்கள்.

‘சனி, ஞாயிறு கிராமம் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிட வேண்டும்’ என்று ஓகாவா ஆசைப்பட்டபோது, முந்திக்கொண்டு கையைத் தூக்கியவன் குரு. கூட வேலை பார்க்கும் அழகுமலைக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் தோப்பும் கிணறும் இருக்கிற தைரியம். அழகுமலையின் மனைவி சோலையம்மாளின் கைமணத்தின் மேல் அதைவிடப் பெரிய தைரியம்.

வந்ததிலிருந்து மனுஷர் ஆனந்தமாகத்தான் இருந்தார். பம்புசெட்டில் ஒரு மணி நேரம் குளித்தார். மயிலைப் பார்த்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “மடுரை, மடுரை” என்று சொல்லிச் சொல்லி இரண்டு ரோல் ஃபிலிமைத் தீர்த்தார். மதுரை இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் அவரைத் திருத்தப் போகவில்லை.

“ஆனா அதென்னண்ணே, ‘போடு’ன்னும் சொல்லாம ‘போடுங்க’ன்னும் சொல்லாம, ‘போடும்’கிறாரு?” குரு அழகுமலையின் காதில் கேட்டான்.

“அவரு தங்கியிருக்க ஹோட்டல் கவுண்டர்ல திருநெல்வேலிக்காரரு ஒருத்தரு இருக்காருல்ல. அவருகிட்டப் பாடம் கேட்டிருப்பாரு. அங்கிட்டுத்தான ‘வாரும், இரும்’பாக.”

அதற்குள் ஓகாவாவின் இலை காலியாகிவிட்டது. ஒரு பருக்கை மிச்சமில்லை. சமைத்தவர் முன்னால் சோற்றை மிச்சம் வைப்பது அவர் ஊரில் மரியாதைக் குறைவாம். காலி இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது சோலையம்மாள் ஊரில் மரியாதைக் குறைவு. அவள் சோற்றுச் சட்டியோடு வந்தாள்.

“போடும்” என்றார் ஓகாவா, இந்தத் தடவை இரண்டு கைகளையும் இலைக்கு மேல் விரித்து.

“எம்புட்டு வேணும்னு அளவு காட்டுறாரு பாருங்க.” அந்தக் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, அதே அளவுக்குச் சோற்றைக் கவிழ்த்தாள். அதன் மேல் அயிரை மீன் குழம்பு.

“கண்ணு கலங்குதே அவருக்கு. உறைப்பு சாஸ்தியோ?” என்றார் அழகுமலை.

“உறைப்பு இல்லண்ணே. பாசம்” என்றான் குரு. அந்த நேரம் அவன் அதை மனதார நம்பினான்.

“போடும், போடும்.” ஓகாவாவின் குரல் உயர்ந்தது.

சோலையம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோனது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள், இப்படி வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிட்ட ஆம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அதையும் சத்தமாகவே சொன்னாள். அழகுமலை குனிந்து ரசத்தைக் குடித்தார்.

சாப்பாடு முடிந்து நுங்கு வந்தது. முதல் நுங்குக்கு ஒரு ‘போடும்’, நாலாவது நுங்குக்கு மூன்று ‘போடும்’. கிளம்பும்போது சோலையம்மாள் ஒரு தூக்குவாளி நிறையக் குழம்பை வாடகை அம்பாசிடரில் ஏற்றினாள். ஓகாவா அதைப் பார்த்து நெடுநேரம் கும்பிட்டார்.

மேலூர் தாண்டும் வரை அவர் பெல்ட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். குரு திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தான்.

“குரு சான்” என்று தன் ஊர் மரியாதைப்படி கூப்பிட்டார் கடைசியில். மீதியைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். “என் வீடும் இதே மாதிரி கிராமத்துலதான் இருக்கு. மலை, வயல், வாய்க்கால். எங்க அம்மாவும் இந்த அம்மா மாதிரிதான், விருந்தாளி சொல்றது காதுலயே விழாது. நாளைக்கு உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். ஜப்பான் வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுல சாப்பாடு.”

குருவுக்குச் சந்தோஷத்தில் “தேங்க் யூ சார்” என்பதைத் தவிர வேறு இங்கிலீஷ் வரவில்லை.

“ஆனா அதுக்கு முன்னாடி எங்க பாஷையில ஒரு வார்த்தை கத்துக்கணும்.”

“சொல்லுங்க சார், இன்னைக்கே மனப்பாடம் பண்ணிடுறேன்.”

“எந்த ஊருக்குப் போனாலும் நான் முதல்ல கேட்டு எழுதி வாங்கிக்கிறது அந்த ஒரு வார்த்தைதான். எல்லா ஊர்லயும் வேலை செஞ்சது. இங்க மட்டும் செய்யல.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து விரித்தார். ஹோட்டல்காரரின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: போதும். பக்கத்தில் அதன் உச்சரிப்பு ஜப்பான் எழுத்தில் இருந்தது.

அந்த உச்சரிப்பின் மேல் விரலை வைத்து, ஓகாவா நிதானமாக வாசித்துக் காட்டினார்.

“போடும்.”