பின்னணிக் குரல்

"இன்னொரு தடவை போடுங்க மிஸ்," என்றார் கணக்கு வாத்தியார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சிரிக்கிற விஷயமா சார் இது?" என்று சிடுசிடுத்தாலும், அறிவியல் டீச்சர் மறுபடி போட்டுக் காட்டினாள்.

அந்தப் பள்ளியில் இப்போது பாடமெல்லாம் கம்ப்யூட்டர் ஃபைலில்தான். பத்திக்குப் பத்தி ஒரு சின்ன ஸ்பீக்கர் படம். தொட்டால் டீச்சரின் குரல் விளக்கம் சொல்லும். பிள்ளைகளும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தங்கள் குரலிலேயே பதிலைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

ஏழாம் வகுப்பு லீடர் பெண்ணின் பதில் கணீரென்று ஒலித்தது. "இலை தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது."

பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல்: "இலைக்கு இருக்கிற பொறுப்பு இந்த வீட்ல ஒருத்தருக்காவது இருக்கா? சாப்பிட்ட தட்டு போட்டது போட்டபடி கிடக்கு."

ஆசிரியர்கள் அறையே குலுங்கியது.

"இருங்க, இனிமேதான் விஷயமே," என்றாள் டீச்சர்.

"ஏண்டி, உங்க டீச்சர் வாயை ஆஃப் பண்ண ஸ்விட்ச் கிடையாதா? அஞ்சு வரிப் பாடத்துக்கு அரை மணி நேரமாப் பேசறாங்க. அந்த இலையே இந்நேரம் வாடிப் போயிருக்கும்."

கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் போனை எடுத்தாள்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மா, மதிய இடைவேளையில் கடைக் கோட்டோடு ஓடி வந்தாள். தலைமை ஆசிரியர் அறையில் நிற்க வைத்து, பதிவை முழுசாகப் போட்டுக் காட்டினாள் டீச்சர்.

"மிஸ்ஸோட பாடம் எவ்வளவு அருமையானது தெரியுமாம்மா?" என்றார் தலைமை ஆசிரியர். "நாளைக்கு மத்த பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மாதிரின்னு இதைத்தான் அனுப்பப் போறேன்."

"கடைசி வரைக்கும் கேட்டீங்களா சார்?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முழுசாக் கேட்கணும்னு இல்லம்மா. ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும்."

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, "தப்புதான் மிஸ். மனசுல வெச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டீச்சருக்கு ஆறவில்லை. மாடிப்படி வரை பின்னாலேயே வந்தாள்.

"வீட்ல ஆயிரம் பேசுவோம். ரெக்கார்டிங் ஓடுதான்னு பார்க்க வேண்டாமா? பெரியவங்களைப் பத்திப் பிள்ளைங்க காதுபட இப்படிப் பேசினா, அதுங்க என்னத்தைக் கத்துக்கும்?"

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. தன் போனை எடுத்து டீச்சரின் காதோரம் பிடித்தாள்.

"உள்ள வெச்சு இதைப் போட மனசு வரலை மிஸ்."

டீச்சரின் குரல்தான். இலைப் பாடத்தின் முடிவு. 'நன்றி, மாணவச் செல்வங்களே!' நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அதே குரல், தேன் எல்லாம் வடிந்து போய்: 'ஏங்க, முடிஞ்சுது, வாங்க. எல்லாம் அந்த ஹெட்மாஸ்டரால வந்த வினை. அவருக்குக் கம்ப்யூட்டரை எங்கே ஆன் பண்றதுன்னே தெரியாது. நம்ம உயிரை வாங்கறார்.'

டீச்சர் படிக்கட்டின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். "ஐயையோ... இதையா நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்..."

"பதறாதீங்க. ஃபைலைத் திருத்தற வசதி பசங்களுக்கும் இருக்காமே. நீங்க அனுப்பின அன்னிக்கே அந்தக் கடைசித் துண்டை வெட்டி எடுத்துட்டாங்க. என் பொண்ணு முதல்ல இறக்கி வெச்ச இது ஒண்ணுதான் மிச்சம்." சொல்லிக்கொண்டே அதையும் அழித்தாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நானும் என் பொண்ணுகிட்ட அதைத்தான் கேட்டேன் மிஸ். 'மிஸ் தெரியாம விட்டுட்டாங்க, நாம யாரும் கேட்கவே இல்லைன்னு இருந்துடணும்'னு மொத்த வகுப்பும் கூடிப் பேசி முடிவு பண்ணிடுச்சாம்."