மொட்டைமாடி வெண்டைத் தொட்டிகள்

சித்திரை பிறந்த கையோடு மகள் பூங்கோதை எட்டு வெண்டைத் தொட்டிகளைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் இறக்கியபோதே மாசிலாமணிக்குச் சந்தேகம்தான்.

“வெண்டைக்காய் தின்னா ஞாபகசக்தி வளரும்ப்பா,” என்றாள்.

“யாருக்கு?” என்று கேட்டார். அவள் தொட்டிகளைத் தன் போனோடு இணைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும், உள்ளே இருக்கும் கருவி மூலம் தொட்டி அவள் போனுக்குச் சொல்லிவிடும்; கேட்டால் பதிலும் தரும். எதிர்வீட்டுத் தண்டபாணி, பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன இதே மாதிரித் தொட்டிக்கு நாலு நாள் ஊற்றாமல் விட்டார். மறுவாரமே, மனுஷனுக்கு மறதி வந்துவிட்டதென்று முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, பிள்ளைகள் வீட்டைப் பூட்டிப் போனார்கள்.

தன் வீட்டை விட்டு எங்கேயும் போக மாசிலாமணி தயாராக இல்லை. காலையில் ஊற்றினார். இந்தத் தொட்டியை நம்ப முடியாது, சொல்லாமல் விட்டாலும் விட்டுவிடும் என்று மத்தியானம் ஊற்றினார். சாயங்காலமும் விடவில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் இடையிலும் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்து, மாடியில் பாய் விரித்துத் தர்பூசணி வெட்டினார்கள். பக்கத்திலேயே செடிகள் வேர் அழுகித் தலை சாய்ந்து கிடந்தன.

“அப்பா, ஒரே நாள்ல ஏழு தடவை ஊத்தியிருக்கீங்க. ஊத்தினதே மறந்துபோகுதா?”

“மறதியுமில்ல, மண்ணுமில்ல. என்னையும் தண்டபாணி மாதிரி கொண்டுபோய்த் தள்ளிடுவியோன்னு பயந்து ஊத்தினேன்டி.”

மருமகன் விதையைத் துப்பாமல் வாயிலேயே வைத்துக்கொண்டான்.

பூங்கோதை அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, அவர் சொல்வது நிஜமா என்று தொட்டியிடம் கேட்டாள்.